உங்களுக்குத் தெரியுமா? ஒக்கி: கண் காட்டாமல் போன புயல்

நவம்பர் கடைசி வாரத்தில் மழை பெய்தால் நாகர்கோவில் பக்கம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா 24ஆம் தேதி கொடியேறி டிசம்பர் 3 வரை நடக்கும். அந்தப் பத்து நாளில் ஒரு மழையாவது கொட்டும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் கடைத்தெருவைச் சுற்றுவோம். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை விடியலில் ஓட்டின்மேல் சத்தம் கேட்டபோது, 'சவேரியார் மழை வந்தாச்சு' என்று போர்வையை இழுத்துவிட்டுப் புரண்டு படுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு வந்தது வேறு ஆள். அந்த ஆளைப் பற்றிச் சில விஷயங்கள் இந்த வாரம்.

◆

ஒக்கிப் புயல் கன்னியாகுமரியில் கரையைக் கடக்கவே இல்லை, தெரியுமா? 'ஒக்கி குமரியக் கடந்தப்போ' என்றுதான் இன்றும் பேச்சு. அதன் மையம் குமரி முனைக்குத் தெற்கே, சுமார் 60, 70 கிலோமீட்டர் தள்ளிக் கடலிலேயே போனது. அங்கிருந்து மேற்கே திரும்பி லட்சத்தீவைப் பிடித்து, பிறகு வடக்கே வளைந்து, டிசம்பர் 5ஆம் தேதி ராத்திரி குஜராத்தை எட்டும்போது வெறும் காற்றழுத்தத் தாழ்வாக இளைத்துப் போயிருந்தது. மொத்தப் பயணம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். இத்தனை தூரத்தில் அதன் மையம் முழு வேகத்தோடு எந்தக் கரையையும் கடக்கவில்லை. ஓரத்தால் உரசிவிட்டுப் போனதற்கே எங்கள் மாவட்டம் மாதக்கணக்கில் எழுந்திருக்கவில்லை.

◆

பெயர் வைத்தது வங்கதேசம். வங்காள மொழியில் கண் என்று பொருள். நம் பத்திரிகைகள் ஒக்கி, ஓகி, ஒகி என்று மூன்று விதமாக எழுதின. ஊரில் 'ஒக்கி'தான் நின்றது.

◆

காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர் கிடைக்கும். அதுவரை அது தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று பதவிப் பெயரோடுதான் அலையும்.

இந்த விதி எங்களுக்கு எப்படி வினையாக முடிந்தது என்று பாருங்கள். 29ஆம் தேதி காலை இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம். அன்று மாலைக்குள் இலங்கையைத் தாண்டிக் குமரிக் கடலுக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் அதிகாலை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 30ஆம் தேதி காலை எட்டரை மணி அளவில் புயல். ஆக, தாழ்வு மண்டலம் புயலாக எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாள். வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் பெரும்பாலும் மூன்று நான்கு நாள் தண்ணீரில் கிடந்து ஊறி வரும்; தொலைக்காட்சியில் அதன் படம் சுற்றிக்கொண்டே இருக்கும்; நாமும் மெழுகுவத்தி, பால் பவுடர் என்று வாங்கி வைப்போம். இதுவோ பெயர் சூட்டு விழா நடக்கும்போதே வாசலில் நின்றது. அறிவிப்பாளர் 'ஒக்கி' என்று சொன்ன நேரத்தில் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டிருந்ததால், அந்தப் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே மறுநாள்தான்.

'மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்' என்ற எச்சரிக்கை 29ஆம் தேதி வந்தது. கரையில் நிற்பவனுக்கு அது உதவும். இரண்டு வாரத்துக்கு முன்பே போய்விட்டவனுக்கு?

◆

ஆங்கிலத்தில் டொர்னேடோ வேறு, சைக்ளோன் வேறு. தமிழில் இரண்டையும் சூறாவளி என்றே எழுதிவிடுகிறோம். முதலாவது, இடிமேகத்தின் அடியிலிருந்து தும்பிக்கை மாதிரி தரைக்கு இறங்கும் காற்று. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர். ஆயுள் சில நிமிடம். ஆனால் போகிற வழியில் ஊர் மிஞ்சாது. இரண்டாவது கடலில் பிறந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழன்று, நாள்கணக்கில் வாழும்; ஒக்கி இந்த வகை. உலகத்திலேயே அதிகப் பேரைக் கொன்ற டொர்னேடோ அமெரிக்காவில் அடித்ததல்ல, நம் பக்கத்தில்தான்: 1989 ஏப்ரல் 26, வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டம், தவுலத்பூர், சாட்டூரியா ஊர்கள். சுமார் 1,300 பேர் இறந்தார்கள்.

◆

டொர்னேடோவின் வேகத்தை நேரே அளப்பது கடினம். கருவியையும் தூக்கிக்கொண்டு போய்விடும். எனவே அது போன பிறகு எது எது எப்படி உடைந்து கிடக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கிறார்கள். 1971இல் இந்த முறைக்கு அளவுகோல் போட்டவர் ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். 1945இல் நாகசாகியிலும் ஹிரோஷிமாவிலும் அணுகுண்டு விழுந்த இடத்தைச் சுற்றி மரங்கள் எந்தத் திசையில் சாய்ந்தன என்று நடந்து பார்த்தவர் அவர். அமெரிக்காவுக்குப் போன பிறகு புயலடித்த வயல்களையும் அதே கண்ணோடு பார்த்தார்.

விழுந்த மரத்தைப் படித்தால் காற்றைப் படிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒக்கிக்குப் பிறகு குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் போனவர்கள் எல்லாரும் தெரியாமலே ஃபுஜிட்டாவின் மாணவர்கள் ஆனார்கள். ஒரு சரிவில் ரப்பர் மரங்கள் அத்தனையும் இடுப்பளவில் முறிந்து ஒரே திசையில் தலை வைத்துக் கிடக்கும். அடுத்த சரிவில் ஒரு கிளைகூட ஒடிந்திருக்காது.

◆

எங்களுக்குக் காற்று புதிதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல் மாதிரி. ஆனி, ஆடியில் மேல்காற்று அதற்குள் புகுந்து சீறிக்கொண்டு வெளியே வரும். அதை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாடிகள் காடு மாதிரி நிற்கின்றன. சுமார் 1,500 மெகாவாட் திறன். ஆனால் புயல் நாளில் அந்தக் காற்றாடிகள் பெரும்பாலும் சுற்றுவதில்லை. காற்று மணிக்கு 90 கிலோமீட்டர் அளவை எட்டினால் இயந்திரமே தன்னை நிறுத்திக்கொள்ளும். காற்று அதிகமானால் கரண்ட் அதிகம் என்ற கணக்கு ஓரளவுக்குத்தான்.

இதோடு சேர்த்து ஒன்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கிரீன்ஸ்பர்க் என்று ஒரு சின்ன விவசாய ஊர், புயலுக்கு முன் ஆயிரத்து நானூறு பேர் இருந்தார்கள். 2007 மே 4 இரவு ஒரு டொர்னேடோ அந்த ஊரின் 95 சதவீதத்தைத் தரைமட்டமாக்கியது. மீண்டும் கட்டியபோது ஊரார் எடுத்த முடிவு, மின்சாரத்துக்குக் காற்றாலை வைப்பது. இப்போது ஊருக்கு வெளியே காற்றாடிகள் சுற்றுகின்றன. வீட்டை இடித்தவனையே வேலைக்கு வைத்துக்கொண்ட கதை.

◆

பூமியின் வடபாதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நமக்குத் தெற்கே போனால், நம்மேல் அடிப்பது கிழக்கிலிருந்து வரும் காற்று. அன்று அதுதான் நடந்தது. முதலில் வாடை, பிறகு கொண்டல், பிறகு தென்கிழக்கு. எங்கள் மரங்களும் கூரைகளும் தலைமுறை தலைமுறையாக மேல்காற்றுக்கு முதுகு கொடுத்துப் பழகியவை. முகத்தில் அறை விழுந்தால் என்ன செய்யும்? வேகத்தைவிடத் திசைதான் அன்று எங்களைக் கவிழ்த்தது என்பது என் சொந்தக் கணக்கு. வானிலைக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டாவின் புரையிடத்தில் ஒரு பிலா மரம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. பத்து மணி இருக்கும். திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மரம் ஆடவில்லை. அடியில் மண்தான் ஆடியது. சோற்றுப் பானை கொதிக்கும்போது மூடி எழும்பி எழும்பித் தணியுமே, அப்படி வேரைச் சுற்றி மண் மூச்சு விட்டது. நாலைந்து தடவை. பிறகு ஒரு பக்கத்து வேரெல்லாம் மண்ணோடு கதவு மாதிரி திறந்து நிமிர, மரம் மெதுவாக, யாரோ கைத்தாங்கலாகப் பிடித்துப் படுக்க வைப்பது மாதிரி, மதில்மேல் சாய்ந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. "பாட்டா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. "இரு மக்கா, எங்க அப்பா நட்டது" என்றார்.

◆

மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசத்தில் ஒரே நாளில் பதிவான மழை 45 சென்டிமீட்டர்.

◆

வாழை ஒடிந்தால் ஒரு வருடம் போச்சு. ஏத்தன், மட்டி, செந்துளுவன் எல்லாம் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. அடுத்த கன்று வைத்து ஒரு வருடத்தில் குலை பார்த்துவிடலாம். ரப்பர் அப்படியல்ல. கன்று நட்டு ஏழு வருடம் கழித்துத்தான் பட்டையில் கத்தி வைக்க முடியும். ஒக்கியில் தோப்பை இழந்தவர் மறு வருடமே நட்டிருந்தாலும், சிரட்டையில் முதல் சொட்டுப் பால் விழ 2025 ஆகியிருக்கும். இடைப்பட்ட வருடங்களில் பால்வெட்டுக்காரருக்கு என்ன வேலை? பலர் கேரளத்துக்குப் போனார்கள், சிலர் கட்டட வேலைக்கு. மாறாமலை, கரும்பாறைக் கிராம்பு மரங்களும் விழுந்தன. நான்கு வருடம் கழித்து, 2021இல், கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விருது வந்தபோது வாங்குவதற்குப் பல மரங்கள் இல்லை.

◆

உள்நாட்டில் நாங்கள் விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அது எங்கள் குற்றம்தான். கரண்ட் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்து, பல ஊர்களில் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டு. வெளி மாவட்டத்து மின்வாரியத் தொழிலாளர்கள் லாரி லாரியாக வந்து, பள்ளிக்கூடங்களில் படுத்து எழுந்து கம்பம் நட்டார்கள். செல்போன் டவர் செத்துப் போனது. ஜெனரேட்டர் உள்ள வீட்டு வாசலில் போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசை. இந்த இருட்டில், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஆம்பிளைகள் திரும்பி வரவில்லை என்ற சேதி உள்நாட்டு ஊர்களுக்கு வந்து சேரவே நாலு நாள் பிடித்தது.

◆

அந்த மேற்குக் கரையில் உள்ள தூத்தூர் வட்டாரம் என்பது எட்டு ஊர்கள்: இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. நீரோடியைத் தாண்டினால் கேரளம். இந்தியாவின் ஆழ்கடல் தொழிலில் இந்த எட்டு ஊர்க்காரர்களுக்கு இணை சொல்வது கடினம். தூண்டிலில் சுறாவும் சூரையும் பிடிக்க ஒரு மாதம், நாற்பது நாள் என்று போவார்கள். படகிலேயே ஐஸ், அரிசி, டீசல். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல். ஊரில் 'அவன் கடலுக்குப் போயிருக்கான்' என்றால் அது அரபிக்கடலின் எந்த மூலை என்று வீட்டுக்காரிக்கே தெரியாது.

படகில் இருந்த வயர்லெஸ் கருவியின் எட்டம் முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகாது. பக்கத்துப் படகு கேட்டால் உண்டு; கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. 30ஆம் தேதி ராத்திரி கடலில் கிடந்த பல படகுகளுக்குப் புயல் வருவதைச் சொன்னது கடல்தான்.

◆

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. பத்தாம் எண்தான் பெரிய ஆபத்து என்று நினைத்திருப்போம். பதினொன்று எதற்கு? எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைய ஆழ்கடல் படகுகளுக்குப் புயல் இல்லாத நாளிலும் அதே பதினொன்றுதான்.

◆

டிசம்பர் 2ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கரையில் 68 படகுகளில் 952 மீனவர்கள் பத்திரமாக ஒதுங்கியதாக அம்மாநில முதல்வர் அறிவித்தார். 66 கேரளப் படகுகள், 2 தமிழ்நாட்டுப் படகுகள் என்று கணக்கு. இங்கே ஒரு சிக்கல். தூத்தூர்க்காரர்கள் நிறையப் பேர் கொச்சியைத் தளமாக வைத்துத் தொழில் செய்கிறவர்கள். படகில் கேரளப் பதிவு எண் இருக்கும், ஓட்டுகிறவன் வள்ளவிளைக்காரனாக இருப்பான். எண்ணை வைத்து ஆளின் ஊரைச் சொல்லவே முடியாது. எந்த மாநிலத்துக் கணக்கில் எந்த ஆள் வருகிறான் என்று தெரியாமல் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் குழம்ப, பெண்கள் கோவில் வளாகத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பேர் எழுதினார்கள். படகின் பேர், போன தேதி, கூடப் போனவர்கள்.

லட்சத்தீவில் கல்பேனி, மினிக்காய் என்று கரை ஒதுங்கியவர்கள் உண்டு. கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து மீண்டவர்களும் உண்டு. தேடப் போன கடலோரக் காவல்படைக் கப்பல்களில் மீனவர்களும் ஏறிப் போனார்கள். கரையில் காத்திருக்கப் பொறுக்காமல் சொந்தப் படகை எடுத்துக்கொண்டு போனவர்கள் வேறு. காற்றும் நீவாடு என்கிற நீரோட்டமும் எந்தப் பக்கம் இழுத்துப் போயிருக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

◆

டிசம்பர் 7ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான கடற்கரை மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். முதல்வர் நேரில் வர வேண்டும் என்பது கோரிக்கை. நாகர்கோவில், திருவனந்தபுரம் தடத்தில் ரயில் ஓடவில்லை. முதல்வர் எடப்பாடி பழனிசாமி 12ஆம் தேதி வந்தார். பிரதமர் மோதி 19ஆம் தேதி.

2018இல் திவ்யபாரதி இதைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தின் பெயர் 'ஒருத்தரும் வரேல'. எழுத்துத் தமிழில் 'யாரும் வரவில்லை' என்று வைத்திருந்தால் அந்தச் சூடு வந்திருக்காது.

◆

டிசம்பர் 5இல் புயலின் வால் மும்பையைத் தொட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை. மறுநாள் கடற்கரையில் டன் கணக்கில் பிளாஸ்டிக் குப்பை. நகரம் கடலில் போட்டதையெல்லாம் கடல் திருப்பிப் போட்டிருந்தது.

◆

காணாமல் போனவர் இறந்துவிட்டதாகச் சட்டம் எப்போது கருதும்? 2024 வரை நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டம், 1872, பிரிவு 108: ஏழு வருடம் தகவல் இல்லாதிருந்தால். ரப்பருக்கும் ஏழு, இதற்கும் ஏழு. உடல் கிடைக்காத குடும்பங்களை அரசு அத்தனை வருடம் காக்க வைக்கவில்லை. விதியைத் தளர்த்தி, இறந்தவர்களுக்கு அறிவித்த 20 லட்சம் ரூபாயைக் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கும் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணத்தை வாங்க ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'இனி வரமாட்டார்' என்பதற்கு ஒப்பான தாள். பேனாவை வாங்க மாட்டேன் என்று சொன்ன பெண்கள் கடற்கரையில் இருந்தார்கள்.

கேரளக் கரையிலும் அதற்கு வடக்கேயும் ஒதுங்கிய உடல்களில் பலவற்றை டிஎன்ஏ சோதனை செய்துதான் யார் என்று சொல்ல முடிந்தது.

◆

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் புயல் பிறக்காது என்பார்கள். பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் அங்கே மிகக் குறைவு. ஐந்து டிகிரிக்குள் பொதுவாகப் புயல் உருவாவதில்லை. குமரி முனை இருப்பது எட்டு டிகிரியில். விதிவிலக்கும் உண்டு: 2001 டிசம்பர் 27இல் 'வாமெய்' என்ற புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ஒன்றரை டிகிரி வடக்கில் உருவானது. தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவில் அழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலையே கடலுக்குள் இழுத்த புயலும் ஐந்து டிகிரியை ஒட்டித்தான் முளைத்தது. 'நம்ம பக்கம் புயல் வராது' என்று எங்கள் ஊரில் சொல்லி வளர்த்தார்கள். அபூர்வம் என்று சொல்லியிருக்கலாம்.

◆

ஒக்கிக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம். 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி; செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலிலும் எச்சரிக்கை வந்து சேரும், ஆனால் திருப்பிப் பேச முடியாது. இரு பக்கமும் சேதி போய்வரும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30இல் தொடங்கியது. அதாவது, நடுக்கடலில் இருப்பவன் 'நான் இருக்கேன்' என்று சொல்ல வழி பிறக்க ஏறக்குறைய ஏழு வருடம். மறுபடியும் அந்த எண்.

◆

வடஇந்தியப் பெருங்கடலில் ஒரு புயலுக்கு வைத்த பெயரை இன்னொன்றுக்கு வைப்பதில்லை. 2004இல் 'ஓனில்' என்று தொடங்கிய பட்டியலில் ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு தடவைதான். ஆகவே ஒக்கி இனி வானிலை அறிக்கையில் வராது. எங்கள் ஊர்ப் பேச்சில் வந்துகொண்டிருக்கிறது. 'ஒக்கிக்கு முந்தின வருசம் கலியாணம்', 'இந்த ஓடு ஒக்கிக்குப் பொறவு மாத்தினது' என்று வருடத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்கிறார்கள்.

பாட்டாவின் பிலா மரத்தை வாங்க மறு வாரமே தடி வியாபாரி வந்துவிட்டார். விழுந்த மரம்தானே என்று அடிமாட்டு விலை கேட்டார். பாட்டா கொடுக்கவில்லை. அறுவை மில்லுக்கு அனுப்பிப் பலகை போட்டு, ஆறு மாதம் திண்ணையில் காய வைத்தார். போன மாதம் அவர் பேத்தியின் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். மஞ்சள் நிறத்தில் பெரிய கட்டில், நடுவில் கைக்குழந்தை. கட்டிலின் காலைத் தட்டிக் காட்டினார் பாட்டா.

"ஒக்கி மக்கா."